அடைத்த கதவும் அஞ்சிய நெஞ்சும்

திரைப்படமொன்றைப் பார்த்துவிட்டு வெளியே வருவோர் அதனைப் பற்றிக் கூறும் அபிப்பிராயங்களை விமர்சகர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. “நன்றாயிருந்தது”, “பாட்டு இனிமை”, “பிள்ளைகளுக்கு ஏற்றது” என்பன போன்ற கூற்றுகளில் ஆராய்வதற்கு யாதுளது என்பது அவர்களது எண்ணம். சமுதாயக் கண்கொண்டு கலையை நோக்குவோர் அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. ஒரு படத்தில் எது மக்களைக் கவர்ந்தது, எது அவர்தம் கண்ணிற் படாமலே போயிற்று என்பதை அறிந்தோமாயின், அப்படம் எத்தகைய வாழ்க்கை நோக்கினை அவர்கள் உள்ளத்தில் ஊன்றிச் சென்றது என்பதையும் அறிந்தவராவோம். சிறுவர்க்கென ஆக்கப்படும் கார்ட்டூன் படங்களுக்கு இது மேலும் பொருந்தும். அங்கே கருத்தானது விளையாட்டு வேடம் பூண்டு வருகிறது. வேடம் பூண்டு வருவதை எவரும் வாயிலில் நிறுத்தி விசாரிப்பதில்லை.

இக்கட்டுரைக்கு இரண்டு அமெரிக்கப் படங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 1997 மார்ச்சில் வெளிவந்த ‘கற்ஸ் டோன்ட் டான்ஸ்’. பூனைகள் ஆடுவதில்லை என்பது தலைப்பின் பொருள். மற்றது, 2016 டிசம்பரில் வெளிவந்த ‘சிங்’. பாடு என்பது பொருள். இரண்டும் இசைச்சித்திரங்கள். இரண்டிலும் மிருகங்களே முதன்மைப் பாத்திரங்கள். இரண்டிலும் அம்மிருகங்கள் கலையுலகிற் புகழ்பெற விழைகின்றன. முதலாவது படுதோல்வியடைந்தது; மற்றது உலகெங்கும் ஓடிப் பெரும்பொருள் ஈட்டியது. இவ்வேறுபாட்டினைச் சித்திரத் தொழில்நுட்பத்தாலோ பாடல்களின் இனிமையாலோ மட்டும் விளக்கிவிடலாமா என்பதே நமது வினா.

முன்னைய படத்தின் கதை 1939ஆம் ஆண்டின் ஹொலிவூட்டில் நிகழ்கிறது. இந்தியானா மாநிலத்துக் கொக்கொமோ என்னும் ஊரிலிருந்து டானி என்ற பூனை, ஒரு வாரத்துக்குள் நட்சத்திரமாகிவிடலாமென்று நாள்வாரியாகத் திட்டம் வரைந்துகொண்டு பஸ்ஸேறி வருகிறது. வந்த இடத்தில் அதற்குக் கிடைக்கும் வேடம் யாது? நோவாவின் பேழை பற்றிய படமொன்றில் ‘மியாவ்’ என்று ஒரு சொல் சொல்லுதல். அவ்வளவே. அங்குள்ள மிருகங்களனைத்தினதும் நிலை அதுவே. வூலி என்னும் யானை இசையமைத்துப் பாடும் ஆசையோடு வந்தது. ஸ்டூடியோவின் வணிகச் சின்னமாக நின்று பிளிறுவதே அதன் உத்தியோகமாயிற்று. சோயர் என்னும் பெண்பூனை ஆடல்வல்லது. அது நடிகர் முகவரொருவரின் அலுவலகத்திலே செயலாளராக இருந்து காலங் கழிக்கிறது. ஆமை, ஆடு, நீர்யானை, மீன் முதலிய ஏனையவும் என்றோ ஆசைப்பட்டு, என்றோ அதனை அடக்கிக்கொண்டவை.

இம்மிருகங்களுக்குத் திறமையில்லை என்று படத்தில் எவரும் கூறவில்லை என்பது கவனித்தற்குரியது. திறமை உண்டோ இல்லையோ என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. நாயக வேடம் மனிதருக்கு. உறுமலும் கத்தலும் மிருகங்களுக்கு. இது எழுதப்படாத சட்டம். டார்லா டிம்பிள் என்னும் சிறுமி நட்சத்திரம் தன் ஒளி மங்கிவிடுமோ என்றஞ்சி, உதவுபவள்போல் நடித்து, பேழை அரங்கினை வெள்ளத்தில் மூழ்கடித்துப் பழியை மிருகங்களின் தலையிற் சுமத்தி, அவற்றை வேலையினின்றும் நீக்கச் செய்கிறாள். நீக்கப்பட்டவை வாதாடவுமில்லை. பழி எங்கு விழும் என்பது அவற்றுக்கு முன்னரே தெரியும்.

இப்படத்தைப் பற்றிப் பார்வையாளரிடையே வழங்கும் அபிப்பிராயங்களை மூவகையாகப் பிரிக்கலாம். இது பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கு, இதிலே அரசியலைத் தேடுவது வீண் என்பார் ஒரு சாரார். டார்லாவின் கொடுமை மிகைப்படுத்தப்பட்டது, அவள் பாத்திரத்தால் படம் இரைச்சலாகிவிட்டது என்பார் இன்னொரு சாரார். மூன்றாம் சாராரின் கூற்றே சிந்தனைக்குரியது. சிறுபிராயத்தில் வீடியோ நாடாவிலோ தொலைக்காட்சியிலோ இதனைக் கண்டு மகிழ்ந்தவர்கள், வளர்ந்தபின் மீண்டும் பார்த்தபொழுது, இது மிருகங்களின் கதையன்று, நிறவெறியின் கதை எனத் தாம் உணர்ந்ததாகக் கூறுகின்றனர்.

இம்மூன்றாம் சாராரின் பக்கமே வரலாறும் நிற்கிறது. கதை நிகழும் அதே 1939ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆந் திகதி அட்லாண்டா நகரில் ‘கோன் வித் த விண்ட்’ படத்தின் முதற்காட்சி நடைபெற்றபொழுது, அப்படத்தில் நடித்த கறுப்பின நடிகை ஹற்றி மக்டானியல் அதிற் கலந்துகொள்ள முடியவில்லை. அம்மாநிலத்தின் இனப்பாகுபாட்டு ஒழுங்குகள் அவரை வெளியே நிறுத்தின. அடுத்த ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி அதே வேடத்திற்காக அவருக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் அவரே. ஆயினும் பரிசளிப்பு நிகழ்ந்த ஹோட்டல் மண்டபத்தில் தம் சக நடிகரோடு ஒரே மேசையில் அமர அவர் அனுமதிக்கப்படவில்லை. புறம்பானதொரு மேசையே அவருக்கு ஒதுக்கப்பட்டது. பரிசு பெற்றுத் தந்த வேடமும் வேலைக்காரி வேடமே. நடிப்புக்காக ஒஸ்கார் பரிசு பெறும் அடுத்த கறுப்பினப் பெண்ணாக வூப்பி கோல்ட்பேர்க் மேடையேறியது 1991இல். இடையே அரைநூற்றாண்டு கழிந்திருந்தது. ‘மியாவ்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தப்பட்ட பூனையின் கதை வெறுங் கற்பனையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

டார்லாவின் சுருள்முடியும் குழிவிழுங் கன்னமும் அக்காலத்துக் குழந்தை நட்சத்திரமான ஷேர்லி டெம்பிளைக் கிண்டல் செய்வன என்பது வெளிப்படை. 1935இல் வெளியான ‘த லிற்றில் கேர்ணல்’ படத்தில் அச்சிறுமியும் கறுப்பினத்து நடனமேதை பில் றொபின்சனும் மாடிப்படிகளில் இணைந்தாடும் காட்சி சினிமா வரலாற்றிற் பெயர்பெற்றது. அம்மேதை அப்படத்தில் தோன்றுவதும் வேலைக்காரனாகவே. 1940களிலே லீனா ஹோர்ண் என்னும் பாடகியின் காட்சிகள், கதையோடு ஒட்டாதவாறு தனித்துப் படமாக்கப்பட்டன. தென்மாநிலங்களில் அவற்றை வெட்டிவிட்டுத் திரையிடுவதற்கு அது வசதியாயிருந்தது. வெட்டினாலும் குறை தெரியாத இடத்தில் ஒரு கலைஞரை நிறுத்துவதைவிடப் பெரிய அவமதிப்பு யாதுளது?

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். ஒடுக்கப்பட்ட மக்களை மிருகங்களாக உருவகித்தல் அவர்களை இழிவுசெய்வதாகாதா? நியாயமான கேள்வியே. பஞ்சதந்திரக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு நரியும் காகமும் மனிதராகப் பேசுவது புதிதன்று. ஆனால் பஞ்சதந்திரத்தில் அரசனும் மிருகம், அமைச்சனும் மிருகம். ஒருசாராரை மனிதராகவும் மறுசாராரை மிருகங்களாகவும் காட்டும்பொழுது வேறுபாடு இயற்கையானது என்ற மயக்கம் தோன்றிவிடலாம். இக்குறையைப் படம் முற்றாகத் தீர்த்துவிட்டதென்று சொல்லமாட்டோம். ஆயினும் அம்மிருகங்கள் ஒன்றுகூடி ஆடும்பொழுது, மனிதர்க்கும் அவற்றுக்குமிடையே உள்ளதாகச் சொல்லப்பட்ட வேறுபாடு பிறர் இட்ட கோடுதான் என்பதைப் பார்ப்பவர் உணர்கின்றனர். தன் முதற்படத்தை நெறிப்படுத்திய மார்க் டிண்டலுக்கும், பாடல்களை யாத்த ரண்டி நியூமனுக்கும், நடனத்துக்கு ஆலோசனை வழங்கிவிட்டுப் படம் வெளிவருமுன்னரே 1996 பெப்ரவரியில் மறைந்த ஜீன் கெலிக்கும் அப்பெருமை உரியது.

படத்தின் உண்மையான பலவீனம் வேறிடத்திலுள்ளது. குற்றம் முழுவதையும் அது டார்லா என்னும் ஒரு சிறுமியின் தலையிற் கட்டிவிடுகிறது. எழுதப்படாத சட்டத்தால் இலாபமடைபவர் ஸ்டூடியோ அதிபர் எல். பி. மாமத். அவரோ ஒன்றுமறியாத பெரிய மனிதராகவே சித்திரிக்கப்படுகிறார். இறுதியில் மிருகங்கள் படத்தின் முதற்காட்சி மேடையில் தோன்றி ஆடிப்பாடுகின்றன, சபையோர் ஆரவாரிக்கின்றனர், டார்லாவின் சூழ்ச்சி அவள் வாயாலேயே ஒலிபெருக்கியில் அம்பலமாகிறது, கதவு திறந்துவிடுகிறது. பிற்காலத்துப் பெயர்பெற்ற படங்களின் விளம்பரங்களில் இம்மிருகங்கள் நாயக நாயகியராய்த் தோன்றுவதோடு கதை முடிகிறது. ஒரு தீயவர் அகன்றால் அநீதி அகன்றுவிடும் என்பதும், திறமையைக் காட்டினால் முதலாளி மனம் மாறுவார் என்பதும் பழைய ஆறுதல்கள்.

உண்மையில் அக்கதவு அவ்வாறு திறக்கவில்லை. 1942இல் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் செயலாளர் வோல்டர் வைற் ஹொலிவூட்டுக்குச் சென்று ஸ்டூடியோ அதிபர்களை நேரிற் சந்தித்து, தம் மக்களை வேலைக்காரராகவும் கோமாளிகளாகவும் மட்டும் காட்டும் வழக்கத்தை மாற்றுமாறு வற்புறுத்த வேண்டியிருந்தது. அதன் பின்னரும் மாற்றம் நத்தை வேகத்திலேயே வந்தது. கார்ட்டூன் துறையையே எடுத்துக்கொள்வோம். 1941 மே மாதத்தில் வோல்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் சித்திரம் வரைந்தோர் வேலைநிறுத்தத்தில் இறங்கிய பின்னரே அங்கு தொழிற்சங்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. திறமையான கோடுகளை அவர்கள் அதற்கு முன்னரும் வரைந்துகொண்டுதான் இருந்தார்கள்.

எனினும் படத்துக்கு நியாயம் செய்யவேண்டும். டானி தனித்து முயன்றபொழுதெல்லாம் தோற்றது. எல்லோருமாகச் சேர்ந்து மேடையேறியபொழுதே வென்றது. டானியின் துள்ளலைப் புகழும் பார்வையாளர் பலர் வூலியையும் சோயரையும் மறந்துவிடுகின்றனர். நமது பார்வையில் படத்தின் இதயம் அவ்விருவரிடமே உள்ளது. கதவு அடைபட்டிருப்பதை அறிந்தவர் அவர்கள். அறிந்ததனாலேயே சோர்ந்தவர்கள், சோர்ந்தும் கலையைக் கைவிடாதவர்கள். அறியாமையாற் பிறந்த நம்பிக்கையும் அறிவினாற் பிறந்த சோர்வும் கைகோக்கும் அந்தக் கட்டத்தில்தான் கதை உயிர்பெறுகிறது.

இனி, 2016ஆம் ஆண்டுப் படத்துக்கு வருவோம். கார்த் ஜெனிங்ஸ் எழுதி நெறிப்படுத்திய ‘சிங்’ படத்தில் மனிதரே இல்லை. நகரம் முழுவதும் மிருகங்கள். பஸ்டர் மூன் என்னும் கோலாக் கரடி தன் நொடித்துப்போன நாடக மண்டபத்தைக் காப்பாற்றப் பாட்டுப்போட்டி நடத்துகிறது. ஆயிரம் டொலர் பரிசென்று அச்சிட வேண்டிய துண்டுப்பிரசுரத்தில், முதிய செயலாளரின் கண்ணாடிக்கண் தட்டச்சு விசைகளின்மேல் விழுந்ததால் இரண்டு பூச்சியம் கூடி, இலட்சம் டொலர் என்று வந்துவிடுகிறது. நகரமே திரண்டு வருகிறது. இருபத்தைந்து குட்டிகளைப் பெற்ற ரொசிற்றா என்ற பன்றி, கொள்ளைக் கூட்டத் தலைவனின் மகனாகிய ஜொனி என்ற கொரில்லா, காதலனின் நிழலில் நின்ற ஆஷ் என்ற முள்ளம்பன்றி, மேடையைக் கண்டாலே நடுங்கும் மீனா என்ற யானைப்பெண் ஆகியோர் அவ்வாறு வந்தோருள் அடங்குவர்.

பார்வையாளருக்கு இப்படம் பெரிதும் பிடித்துப்போயிற்று. படம் பார்த்து வெளிவருவோரிடம் அபிப்பிராயங் கேட்டுத் தரமிடும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணிப்பில் அதற்கு ‘ஏ’ தரம் கிடைத்தது. ஏறத்தாழ 75 மில்லியன் டொலர் செலவில் ஆன படம் உலகெங்கும் 630 மில்லியனுக்கு மேல் ஈட்டியது. கேட்டுப் பழகிய பாட்டுகள் பல ஒரே படத்தில் வந்தன என்று மகிழ்ந்தோர் உளர். பாத்திரங்கள் அளவுக்கு மிஞ்சியதால் எவருடைய கதையும் ஆழமாகவில்லை என்று குறைகூறியோரும் உளர். ஆயின் பெரும்பாலோர் ஒருமுகமாகப் போற்றியது, “அச்சத்தை வென்றால் வெற்றி நிச்சயம்” என்ற படிப்பினையையே. கடைசியில் மீனா வாய்திறந்து பாடுங் கட்டத்தில் கண்கலங்கியதாகக் கூறுவோர் பலர்.

அக்கட்டம் உருக்கமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முன்னைய படத்தோடு ஒப்புநோக்கும்பொழுது ஓர் உண்மை துலங்குகிறது. 1997இல் கலைஞனை மறித்து நின்றது வெளியே உள்ள கதவு. 2016இல் மறித்து நிற்பது உள்ளே உள்ள பயம். முன்னதில் மிருகமாயிருத்தல் ஒரு சமூக நிலைமை. பின்னதில் அது வெறும் உடுப்பு. எல்லோரும் மிருகங்களாகிவிட்டபின் ஒடுக்குவோர் யார், ஒடுக்கப்படுவோர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. எஞ்சுவது தனிமனிதனும் அவன் நெஞ்சத் துடிப்பும் மட்டுமே.

இவ்வளவுக்கும் ‘சிங்’ படத்தில் வாழ்க்கையின் உண்மை தலைகாட்டாமலில்லை. தலைகாட்டியதும் அதனை நகைச்சுவையாக்கித் தள்ளிவிடுவதே அப்படத்தின் இயல்பு. ரொசிற்றா ஒத்திகைக்குப் போவதற்காக, சமையல் முதல் பிள்ளைகளைப் பள்ளிக்கனுப்புவது வரை யாவற்றையும் தானே இயங்கிச் செய்யும் பொறியொன்றை வீட்டில் அமைத்துவிட்டுச் செல்கிறாள். அவள் வீட்டில் இல்லை என்பதைக் கணவனும் பிள்ளைகளும் உணரவேயில்லை. ஒரு தாயின் உழைப்பு எவ்வளவு கண்ணுக்குத் தெரியாதது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியாது. பார்வையாளர் சிரிக்கின்றனர், படமும் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது.

பணத்தின் கதையும் அத்தகையதே. பரிசுப் பெட்டியில் இலட்சம் இல்லை என்பது வெளிப்படுகிறது. மூன் ஆடம்பரத்துக்காக அமைத்த நீர்த்தொட்டி உடைந்து மண்டபமே இடிந்து விழுகிறது. நிலம் வங்கியின் கைக்குப் போகிறது. இங்கும் ஒரு வெள்ளம் வருகிறது. முன்னைய வெள்ளத்துக்குத் தண்டிக்கப்பட்டவர் குற்றமற்றோர். இவ்வெள்ளத்துக்குக் காரணமான மூன் சிறிதுகாலம் கார் கழுவி வருந்தியபின் மன்னிக்கப்படுகிறார். பரிசுக்காக வந்தவர்கள் பரிசின்றியே இடிபாடுகளின்மேல் நின்று பாடுகின்றனர். அதனைப் பார்த்து மனங்கனிந்த செல்வச் சீமாட்டி நானா நூடில்மன் நிலத்தை வாங்கி மண்டபத்தை மீளக் கட்டுவிக்கிறார். கூலியைக் கேளாதே, பாடு. பாடினால் ஒரு புரவலர் வருவார் என்பதே இதன் உட்பொருள். கலைமீதுள்ள காதலுக்காகப் பாடுவது உயர்ந்ததுதான். அக்காதலைக் கூலிக்குப் பதிலாகக் கொடுக்கச் சொல்வதே தவறு.

ஒரு படம் ஓடியது, மற்றது ஓடவில்லை; ஆகவே மக்கள் தீர்ப்பு வழங்கிவிட்டார்கள் என்று சிலர் முடிவுகட்டுவர். இது பொருந்தாது. ‘கற்ஸ் டோன்ட் டான்ஸ்’ படத்தை ஆக்கியது டேர்ணர் நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவு. 1996இல் டேர்ணர் நிறுவனம் டைம் வோர்ணர் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. இரு பெருநிறுவனங்களின் இணைப்பிடையே அகப்பட்ட அப்படம் போதிய விளம்பரமின்றியே அரங்குக்கு அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 32 மில்லியன் டொலர் செலவாகிய படம் அமெரிக்காவில் ஈட்டியது 4 மில்லியனுக்கும் குறைவு. அதே 1997ஆம் ஆண்டு கார்ட்டூன் கலைஞர்களின் ஆனி விருதில் சிறந்த முழுநீளப் படமென அது தெரிவுசெய்யப்பட்டது. துறையறிந்தோர் மதித்தார்கள், பின்னர் வீட்டிலிருந்து பார்த்தோர் நேசித்தார்கள். இடையே நின்ற சந்தைதான் அதனை மறைத்தது. தம் கண்ணிற் காட்டப்படாத ஒன்றைப் பற்றி மக்கள் தீர்ப்பு வழங்குவது எங்ஙனம்? திறமையிருந்தும் மேடை கிட்டாத மிருகங்களின் கதைக்கே மேடை கிட்டாமற் போனமை வரலாற்றின் கசப்பான நகை.

அண்மையில் மேல்வகுப்பு மாணவர் சிலரோடிருந்து ‘சிங்’ படத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. முடிந்தபின் அபிப்பிராயம் கேட்டபொழுது, ஏறக்குறைய எல்லோரும் மீனாவையே சொன்னார்கள். தன்னம்பிக்கை இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்றார்கள். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி மட்டும், தொடக்கத்தில் தங்கள் சம்பளக் காசோலைகள் வங்கியில் திரும்பிவிட்டன என்று முறையிட்டார்களே, அந்தத் தொழிலாளருக்குக் கடைசியில் சம்பளம் கொடுபட்டதா என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மறந்துபோயிருந்த அக்கட்டம் அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. மண்டபம் மீண்டும் எழுகிறது, திரை உயர்கிறது. அத்தொழிலாளரைப் படம் திரும்பிப் பார்ப்பதேயில்லை.

அவ்வினா ஒரு சிறந்த விமர்சனம். தகுதியிருந்தும் இடம் போதாமையாற் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிறுத்தப்படும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களிற் பலர் குறை தம்மிடமே உள்ளதென்று, இன்னும் சற்று முயன்றிருக்கலாமென்று, தம் நெஞ்சையே நொந்துகொள்கின்றனர். அடைபட்ட கதவின்முன் நிற்பவனிடம் உன் அச்சமே உன் பகைவன் என்று ஓயாது ஓதினால் அவன் கதவைப் பார்க்கவே மறந்துவிடுவான். அச்சம் இல்லையென்று நாம் கூறவில்லை. அச்சத்தை வெல்லப் பழக்குதல் ஆசிரியர் கடமைகளுள் ஒன்றே. ஆனால் அச்சம் எது, கதவு எது என்று பிரித்தறியப் பழக்குதல் அதனினும் முந்திய கடமை.

ஆகவே பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு வந்து “நன்றாயிருந்தது” என்று சொன்னால் அதனோடு விட்டுவிடலாகாது. எது நன்றாயிருந்தது, யாருக்கு நன்றாயிருந்தது, யாருக்குச் சம்பளம் கிடைக்கவில்லை என்று தொடர்ந்து கேட்போம். அந்த மாணவிக்கு நாம் கற்பிக்காமலே அவ்வினா தோன்றியது. ஏனையோருக்கும் தோன்றச் செய்வது நம் பணி.